ஒரே ஆளா?

காலையில் கொடுத்தது நாற்பது டோக்கன்தான். நாற்பதாவது ஆளான பொன்னுரங்கம் சார் தன் சர்க்கரை ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, செருப்பை மாட்டி, படியிறங்கிப் போனதைச் சத்யபிரியா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பின்னாலேயே டாக்டர் சுபத்ராவின் காரும் கிளம்பியது. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, தன் தலைக்கு மேலிருந்த ஒரு விசிறியையும் ஒரு டியூப் லைட்டையும் மட்டும் விட்டுவைத்து, டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் பழக்கதோஷத்தில் கணினித் திரையைப் பார்த்தாள். காத்திருப்போர் பட்டியலில் ஒரு பெயர் மிச்சம் இருந்தது.

நாற்பத்தொன்று. கே. அம்மணி. வயது 58. வந்த நேரம் 1.34.

திரையின் மூலையில் மணி 1.33.

எஃப் ஆறைத் தட்டினாள். பட்டியலிலிருந்து ஆளை நீக்கும் பொத்தான் அது. பெயர் போய்விட்டது. எலுமிச்சம்பழச் சாதத்தின் மூடியை எடுத்து, ஒரு வாய் அள்ளி, மறுபடி நிமிர்ந்தபோது மூலையில் 1.34 ஆகியிருந்தது. பட்டியலில் நாற்பத்தொன்று வந்து உட்கார்ந்திருந்தது.

சத்யா டிபன் பாக்ஸைத் தள்ளிவைத்தாள். அந்த வயதுள்ள அம்மணி இறந்துபோய் ஆறு வாரம்.

அஸ்தினாபுரம் மெயின் ரோட்டில் பேக்கரிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன கிளினிக்கில் சத்யபிரியா சேர்ந்து நாலு வருஷம். ரெண்டு வருஷம் முன்பு காகித அட்டைகளைப் பரணில் ஏற்றிவிட்டு இந்த சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தபோது எல்லோரும் பயந்தார்கள். அவள் மட்டும் ஒரே வாரத்தில் அதைக் கைக்குள் கொண்டுவந்தாள். புது நோயாளிக்கு எஃப் ரெண்டு. அடுத்த டோக்கனைக் கூப்பிட எஃப் நாலு. மவுஸைப் பிடித்துத் தேடுகிறவர்கள் மீது அவளுக்கு ஒரு செல்ல இளக்காரம் உண்டு. நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டே, திரையைப் பார்க்காமல், ஒரு நிமிஷத்தில் மூன்று பேரைப் பதிந்துவிடுவாள். டாக்டர் மேடம் விருந்தாளிகளிடம்கூட அதைச் சொல்லிப் பெருமைப்படுவார்.

அவள் கணவன் தயாளன் சிறுசேரியில் ஒரு கம்பெனிக்குப் பஸ் ஓட்டுகிறவன். காதலித்துக் கட்டிக்கொண்டவன். "உன் விரலுக்குத் தனியா கண்ணு இருக்குடி" என்பான். தூக்கத்தில் அவன் முதுகில் அவள் விரல்கள் தட்டுமாம். டக் டக். கொஞ்சம் விட்டு, டக். அது எஃப் எட்டு இரண்டு முறை, ஒய் ஒரு முறை. அவள் வேலையில் அதிகம் அடித்தது அதைத்தான்.

நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்கே ஒரு செல் நம்பர்தான். மகன் நம்பரைத் தாயும் கொடுப்பாள், மருமகளும் கொடுப்பாள், பக்கத்துப் போர்ஷன்காரியும் கொடுப்பாள். பெயரை ஒருநாள் இனிஷியலோடு சொல்வார்கள், ஒருநாள் இல்லாமல் சொல்வார்கள். இப்படியே ஒரே ஆளுக்குக் கணினியில் மூன்று பக்கம், நாலு பக்கம் முளைத்துவிடும். அப்போது ஒரு மஞ்சள் பெட்டி எழும்பும். இடது பக்கம் ஒரு பெயர், வலது பக்கம் ஒரு பெயர், அடியில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி: இரண்டும் ஒரே ஆளா? டக் டக், டக். வலது பக்கத்து ஆள் இடது பக்கத்து ஆளுக்குள் போய்விடுவார். வைத்தியம், ஊசி, மாத்திரை எல்லாம் சேர்ந்துகொள்ளும். மருந்து ஒத்துக்காது என்று காட்டும் சிவப்புப் பட்டை மட்டும் சேராது, அதை மறுபடி கையால் ஏற்ற வேண்டும். கையேட்டில் பதினேழாம் பக்கத்தில் இது இருந்தது. சத்யா அதைப் படித்தும் இருந்தாள்.

அம்மணி என்று இரண்டு பேர் வருவார்கள். ராதா நகர்ப் பக்கம் ஒரே சந்தில் எதிரெதிர் வீடுகளில் குடியிருந்தவர்கள். மூத்தவள் குப்பனின் மனைவி. காலில் ஆறாத புண். இளையவள் கன்னியப்பனின் மனைவி. இரண்டு கணவருக்கும் இங்கிலீஷில் ஒரே எழுத்து. பெரிய அம்மணியிடம் போன் கிடையாது. சின்ன அம்மணியின் நம்பரைத்தான் கொடுப்பாள். இரண்டு பேரும் சேர்ந்தே வந்து கிளினிக்கின் ஸ்டீல் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து, "எந்த அம்மணிய கூப்புட்ற, கறுப்பா, செவப்பா?" என்று சத்யாவைச் சீண்டிச் சிரிப்பார்கள். அவர்கள் இரண்டு பேர் என்பது சத்யாவுக்குத் தெரியாமல் இல்லை. முகம் தெரியும், கணவன்மார் பெயர் தெரியும், எடை தெரியும். ஆனால் மஞ்சள் பெட்டி எழும்பிய அந்தச் சாயங்காலம் வெளியே தயாளன் வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். கல்யாண நாள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே தட்டினாள். டக் டக், டக்.

மூன்றாவது வாரம் பெரிய அம்மணி புண் சீழ் பிடித்து வந்தாள். டாக்டர் பென்சிலின் ஊசி எழுதினார். நர்ஸ் தபீதாள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் கேட்பதுபோல அவளிடமும் கேட்டாள், ஏதாவது மருந்து ஒத்துக்காதா என்று. பெரிய அம்மணி கொஞ்சம் சலித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் சொல்லிகீறேனேம்மா. கம்ப்யூட்டர்ல கீது."

தபீதாள் திரும்பித் திரையைப் பார்த்தாள். சிவப்பே இல்லை. போன மாதம் இதே ஊசி போட்டு ஒன்றும் ஆகவில்லை என்றுகூட இருந்தது. அது சின்ன அம்மணிக்குப் போட்டது. சோதனை ஊசி தேவையில்லை என்று நினைத்துப் போட்டுவிட்டாள். உதடு வீங்கியது. தொண்டை அடைத்தது. மூச்சு இழுக்கும்போது உள்ளே ஏதோ ஒடிவதுபோல் ஒரு சத்தம் வந்தது. டாக்டர் மாற்று மருந்தெல்லாம் கொடுத்தார். ஆம்புலன்ஸ் ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டி வருவதற்குள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

போன மாசம் அவ ஊசியே போட்டுக்கலியே சார் என்று குப்பன் மட்டும் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை. பழி தபீதாள் மேல் விழுந்தது. சோதனை ஊசி போடாதது அவள். கேட்டு எழுதி வைக்காதது அவள். இருபது வருஷ நர்ஸ் வேலை ஒரே நாளில் போயிற்று. குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை எந்த இடத்திலும் அவளைச் சேர்க்கவில்லை. மகள் சுஜியின் நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது.

தபீதாள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். பழைய மஞ்சள் அட்டையில் அம்மணிக்கு பென்சிலின் கூடாது என்று நானே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அது கணினிக்கு வரவில்லை என்றால் தப்பு வேறெங்கோ நடந்திருக்கிறது. அந்த அட்டையை எடுத்துக் கொடுங்கள்.

அட்டை சத்யாவின் மேசையில், கடைசி இழுப்பறையில், ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் இருந்தது. அம்மணி செத்த அன்றே பரணில் ஏறித் தேடி எடுத்துவிட்டாள். அட்டையும் கணினியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இரண்டு ஆளை ஒன்றாக்கிய நாளும் நேரமும் வெளியே வரும், அதன் பக்கத்தில் சத்யா என்ற பெயரும் வரும். கிழிக்கப் பலமுறை எடுத்தாள். கிழிக்கவும் வரவில்லை, கொடுக்கவும் வரவில்லை.

சத்யாவும் தயாளனும் இரண்டு வீட்டையும் எதிர்த்துக்கொண்டு பதிவுத் திருமணம் செய்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் தபீதாள். இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவளும் அவள்தான். முதல் கர்ப்பம் கலைந்தபோது ஐந்து நாள் தன் வீட்டிலிருந்து கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தவளும் அவள்தான்.

இன்று மாலை ஐந்து மணிக்குத் தபீதாள் கடைசியாக ஒருமுறை கேட்க வருகிறாள். "தேடிப் பாத்துட்ட இல்ல? இல்லைன்னா இல்லைன்னு ஒரு லெட்டர் எழுதி, சைன் பண்ணி வை சத்யா. விஷயம் முடியட்டும்" என்று டாக்டர் மேடம் சாதாரணமாகத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இதுவும் சாட்சிக் கையெழுத்துதான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மாதத்து மழை, பகல் இரண்டு மணியைச் சாயங்காலம் ஆறு மணி போல் ஆக்கிவிடுகிற மழை. ஷட்டர் தகரத்தில் அது விழுகிற சத்தம் யாரோ பத்து விரலாலும் இடைவிடாமல் தட்டச்சு செய்வதுபோல் இருந்தது. ஷட்டருக்கடியில் தெரிந்த ஒரு சாண் வெளிச்சத்தில் தண்ணீர் தெறித்து உள்ளே வந்து, மொசைக் தரையில் பெஞ்சை நோக்கி மெல்ல ஊர்ந்தது. டெட்டால் வாசனையும், ஈரத்துணி வாசனையும், ஆறிப்போன எலுமிச்சம்பழச் சாத வாசனையும் கலந்து மேசையைச் சுற்றி நின்றன. அவற்றுக்குக் கீழே, தரைமட்டத்திலிருந்து, இன்னொரு வாசனை கிளம்பிக்கொண்டிருந்தது. நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சள். அதற்குள் அழுகின சதை.

பெரிய அம்மணி டாக்டரிடம் வருவதற்கு முன் புண்ணில் மஞ்சளைத்தான் அப்பிக்கொண்டு வருவாள். எத்தனை முறை திட்டியும் கேட்கமாட்டாள்.

சத்யா எழுந்து பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்தாள். கை கழுவினாள். வந்து உட்கார்ந்து கடிதத்தை அடிக்கத் தொடங்கினாள். மேற்படி நோயாளிக்குக் காகித அட்டை எதுவும் எங்கள் கிளினிக்கில் இருந்ததில்லை. அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

மேலே ஒரு விமானம் மீனம்பாக்கத்துக்கு இறங்கிப் போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அடங்கிய பிறகு வந்த அமைதியில் பெஞ்சுப் பக்கமிருந்து எடை பார்க்கும் மெஷினின் தட்டு ஒருமுறை அமுங்கி எழும் சத்தம் கேட்டது. அவள் பார்த்தாள். தட்டின் மேல் யாரும் இல்லை. திரையில் நாற்பத்தொன்றாம் டோக்கனின் பக்கம் தானாகத் திறந்திருந்தது.

எடை: 111. நாடி: 78, 0.

பெரிய அம்மணி ஐம்பத்தாறு கிலோ. சின்ன அம்மணி ஐம்பத்தைந்து. கூட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மனசு தானாகக் கூட்டிவிட்டது. நாடிக் கட்டத்தில் இரண்டு எண் போட சாஃப்ட்வேர் விடாது என்பது அவளுக்குத் தெரியும். அவளே எத்தனையோ முறை தவறிப் போட்டு, பீப் என்று திட்டு வாங்கியிருக்கிறாள்.

கைப்பேசி அதிர்ந்தது. தயாளன். சிறுசேரியில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறான். சாப்பிட்டாயா, அங்கே மழையா, ராத்திரி பரோட்டா வாங்கி வரட்டுமா என்று வழக்கம்போல் கேட்டான். அவன் குரலின் சூட்டில் அவளுக்கு அழுகை முட்டியது. சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நான்தான். உனக்காக அவசரமாக வந்த அன்றைக்குத்தான். வாயைத் திறந்தாள்.

"நேத்து ராத்திரி தூக்கத்துல செம காமெடி பண்ண நீ" என்றான் அவன். "வழக்கமா தட்டத்தான செய்வ. நேத்து பேசினடி. பாஷையே வேற. 'கம்ப்யூட்டர்ல கீது, கம்ப்யூட்டர்ல கீது'ன்னு. யாரோ பெரியம்மா மாதிரி."

அவன் சிரித்தான். அவள் அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

மணி மூன்றைத் தாண்டியது. கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்துத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சேர்த்ததைப் பிரிக்க இந்த சாஃப்ட்வேரில் பொத்தானே கிடையாது. கம்பெனி ஆள்தான் வர வேண்டும். வந்தால் யார் சேர்த்தது என்று முதல் வரியிலேயே பார்த்துவிடுவான். கணினியை அணைத்தாள். திரை கறுத்தது. கறுத்த கண்ணாடியில் அவள் முகமும், பின்னால் பெஞ்சும், பெஞ்சில் இடது காலைத் தூக்கி வைத்திருக்கும் ஒரு உருவமும்.

திரும்பினாள். வெறும் பெஞ்ச்.

அப்போது சுவரிலிருந்த ஒலிபெருக்கி, அந்தப் பதிவு செய்த பெண் குரலில், நிதானமாகக் கூப்பிட்டது.

"டோக்கன் எண். நாற்பத்தொன்று."

ஷட்டருக்கடியில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன.

குனிந்து உள்ளே நுழைந்தவள் சின்ன அம்மணி. உயிரோடிருக்கும் அம்மணி. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, குடை இல்லை. சத்யாவுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. இவள்தான். காலையிலேயே வந்து பெயர் கொடுத்திருப்பாள். வயதை யாரோ தப்பாகப் போட்டிருப்பார்கள். அவ்வளவுதான். டாக்டர் ஐந்து மணிக்குத்தான் வருவார் என்று சொல்ல வாயெடுத்தாள்.

சின்ன அம்மணி நொண்டிக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நடுவில் உட்காரவில்லை. ஓரத்தில், பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு. இடது காலைத் தூக்கி மேலே வைத்தாள். கணுக்காலில் கட்டு. கட்டைத் தாண்டி மஞ்சள் கசிந்தது.

"உங்களுக்கு எப்பம்மா கால்ல புண்ணு வந்துச்சு?" என்றாள் சத்யா.

"எனக்கு ஏது கண்ணு புண்ணு? அவளோடது."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது.

"ரெண்டு மாசமா ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கீறோம்" என்றாள் சின்ன அம்மணி. கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோல் சொன்னாள். "அவ சாவறதுக்கு முன்னால தெரியல. செத்தப்புறம்தான் எடம் பத்தல. படுத்தா அவளும் பட்துக்கறா. நான் ஒரு மூச்சு வுட்டா பாதிய அவ இஸ்துக்கறா. அவளுக்கு வேற போக்கு இல்ல, பாவம். எழ்தி வெச்சுட்டாங்களே, ஒரே ஆளுன்னு."

அவள் மூச்சு இழுத்தாள். உள்ளே ஏதோ ஒடிவதுபோல் சத்தம் வந்தது. அந்தச் சத்தம்.

"பிரிச்சு வுடு கண்ணு. மஞ்ச அட்ட ஒண்ணு கீதாமே. நர்சம்மா செவப்புல எழ்தனது. அத எட்து வெளில வெச்சா போதும், நான் போய்டறேன்னு சொல்றா."

சத்யாவின் கை தானாகக் கீழே போனது. கடைசி இழுப்பறையின் கைப்பிடி குளிர்ந்திருந்தது. இழுத்தால் போதும். ரசீதுப் புத்தகங்களைத் தள்ளினால் போதும். இந்தப் பெண்ணுக்கு மூச்சு வரும். தபீதா அக்காவுக்குப் பெயர் திரும்பும். சுஜிக்குக் கல்யாணம் நடக்கும். அப்புறம் போலீஸ் வரும். டாக்டர் மேடத்தின் முகம் மாறும். தயாளன் சிரிப்பு நின்றுபோகும். அந்தக் கல்யாண நாள் இனி எப்போதும் அந்த நாளாகவே இருக்கும்.

"அப்படி எந்த அட்டையும் இல்லைம்மா" என்றாள்.

ஆறு வாரமாக எல்லோரிடமும் சொன்ன வாக்கியம். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. விரல்போலவே நாக்குக்கும் பழகியிருந்தது.

சின்ன அம்மணி தலையை ஒருபக்கம் சாய்த்தாள். பக்கத்து இடத்திலிருந்து யாரோ காதில் சொல்வதைக் கேட்பதுபோல. கேட்டுவிட்டுத் தலையாட்டினாள்.

"இல்லியா. சரி. அப்போ நீ கொஞ்சம் எடம் குடு."

அணைத்திருந்த திரை விழித்துக்கொண்டது.

மஞ்சள் பெட்டி.

இடது பக்கம், கே. அம்மணி, 58. வலது பக்கம், சத்யபிரியா, 29. இரண்டுக்கும் கீழே ஒரே செல் நம்பர். அவளுடைய நம்பர்.

இரண்டும் ஒரே ஆளா?

இல்லை என்று நினைத்தாள். இல்லை என்பதற்கான 'என்' எழுத்துப் பொத்தான் எங்கே என்று தேடினாள். ரெண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் அதைத் தட்டியதில்லை. கண்ணுக்கு அகப்படவில்லை. கையை மேசையிலிருந்து எடு. எடு. விரலைப் பார்த்தாள். அவை அவளைப் பார்க்கவில்லை.

டக் டக்.

வேண்டாம்.

டக்.

மஞ்சள் பெட்டி மூடிக்கொண்டது.

சின்ன அம்மணி நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். முழு மூச்சு. காலைக் கீழே வைத்தாள். கணுக்காலில் கட்டு இல்லை. எதற்கு வந்தோம் என்று தெரியாதவள்போல் சுற்றிலும் பார்த்தாள். "மழ வுட்ட மாரி கீதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நேராக நடந்து, குனிந்து, ஷட்டருக்கு வெளியே போய்விட்டாள்.

சத்யா கூப்பிட நினைத்தாள்.

குரல் வரவில்லை.

இடது கணுக்காலில் சூடு. ஒரு அரிப்பு. பிறகு துடிப்பு. மஞ்சள் வாசனை தரையிலிருந்து வரவில்லை. அவளிடமிருந்து வந்தது.

எழுந்தாள். எழ நினைக்கவில்லை, எழுந்தாள். நொண்டிக்கொண்டே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். காலைத் தூக்கி வைத்தாள். உள்ளே யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள். வசதியாக. பேருந்தில் மூன்றாவது ஆளுக்கு இடம் விடும்போது நெருங்குவதுபோல நெஞ்சுக்குள் ஒரு நெருக்கல்.

நாலு மணி. நாலரை. மேசை எட்டடி தூரம். இழுப்பறை தெரிந்தது. அதைப் பார்க்க மட்டும் முடிந்தது.

உதடு தடித்தது. நாக்கு தடித்தது. இழுத்த மூச்சில் பாதிதான் அவளுக்கு வந்தது.

ஐந்து மணிக்குச் சரியாக ஷட்டர் கரகரவென்று மேலே ஏறியது. மழைக்குப் பின் வந்த மஞ்சள் வெயில் உள்ளே விழுந்தது. குடையை மடக்கிக்கொண்டு தபீதாள் நின்றாள். ஆறு வாரத்தில் பாதியாக இளைத்திருந்தாள்.

"சத்யா? ஏம்மா நீ பெஞ்சுல உக்காந்திருக்க?"

அக்கா. கடைசி இழுப்பறை. ரசீதுக்கு அடியில். மஞ்சள் அட்டை. நான்தான் அக்கா. சத்யா தன் உயிரையெல்லாம் திரட்டி அந்த வார்த்தைகளைத் தொண்டைக்குக் கொண்டுவந்தாள். இப்போது சொல்லிவிடுவாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். சொல்ல வேண்டும் என்பதைத் தவிர அவளிடம் வேறு எதுவுமே மிச்சம் இல்லை.

தபீதாள் அருகில் வந்தாள். குடை கீழே விழுந்தது. வீங்கிய உதட்டைப் பார்த்தாள். இருபது வருஷப் பழக்கம். கை தானாகப் போய் நாடியைப் பிடித்தது, வாய் தானாகக் கேட்டது.

"என்னம்மா சாப்ட்ட? ஏதாவது மருந்து ஒத்துக்காதா உனக்கு? சொல்லு கண்ணா, சீக்கிரம் சொல்லு."

சத்யா வாயைத் திறந்தாள்.

"அதெல்லாம் சொல்லிகீறேனேம்மா" என்றது வாய், கொஞ்சம் சலித்துக்கொண்டு. "கம்ப்யூட்டர்ல கீது."

நாடியைப் பிடித்திருந்த கை உறைந்தது. தபீதாள் மெல்ல, மிக மெல்ல, தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள்.

வெள்ளையாக இருந்தது. சிவப்பே இல்லை.

பெஞ்சின் ஸ்டீல் ஓரத்தில் சத்யாவின் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. டக் டக். கொஞ்சம் விட்டு, டக்.